பிரிச்சுடுங்க அத்தை

"பிரிச்சுடுங்க அத்தை."

மருமகள் சாதாரணமாகத்தான் சொன்னாள். மாமியாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இப்ப என்ன தப்பு?"

"ஆறாவது வரிசையில ஒரு கண்ணி விட்டுப்போச்சு. ஓரம் கோணுது பாருங்க."

பார்த்தார். கோணியதாகத் தெரியவில்லை. ஆனால் குரோஷா பின்ன ஆரம்பித்து மூன்று வாரம்தான் ஆகிறது, எந்த முகத்தோடு எதிர்த்துப் பேசுவது? நூலைப் பிடித்து இழுத்தார். இரண்டு நாள் உழைப்பு மடியில் சுருண்டு விழுந்தது.

அவர் அச்சகத்தில் முப்பது வருஷம் ப்ரூஃப் பார்த்தவர். அடுத்தவர் தப்பைப் பிடித்தே பேர் வாங்கியவர். தப்பு என்று ஒன்றைக் காட்டிவிட்டால், அதைத் திருத்தாமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

மூன்று மாசம் முன்னால் மாடிப்படியில் விழுந்து அவருடைய வலது மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டைப் பிரித்தபோது விரல்கள் மரக்கட்டையாகிக் கிடந்தன. இனிமேல் பேனா பிடிக்க முடியுமோ என்னவோ என்று உள்ளுக்குள் நொறுங்கிப் போயிருந்தார். அந்தச் சமயம் பார்த்துத்தான் மருமகள் உல்லன் நூலும் கொக்கி ஊசியும் வாங்கி வந்தாள்.

"பொழுது போகும் அத்தை. நான் சொல்லித் தரேன்."

சொல்லித் தந்தாள். கூடவே நாலு தடவை பிரிக்கவும் வைத்துவிட்டாள். 'இத்தனை நாள் நான் இவளைச் சொன்னதற்கெல்லாம் வட்டியும் முதலுமாகத் தீர்த்துக்கொள்கிறாள்' என்று மாமியார் முடிவே கட்டிவிட்டார்.

ஐந்தாவது தடவை, பத்து வரிசை. வரிசைக்கு இருபது கண்ணி. இரண்டிரண்டு தடவை எண்ணினார். மருமகள் ஆபீஸ் போனதும், நூல்கண்டின் லேபிளில் இருந்த கடைக்கு நேரே போய்விட்டார்.

கடைக்காரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஓரம் முழுக்க விரலால் தடவிப் பார்த்தார்.

"ஒரு தப்பும் இல்லையேம்மா. ரொம்ப நல்லா வந்திருக்கு."

"எனக்குத் தெரியும். ஆனா என் மருமக தப்பு சொல்லிட்டே இருக்கா. அவளுக்கு இதெல்லாம் தலைகீழ்ப் பாடம்."

கடைக்காரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க அச்சகத்துல வேலை பார்த்தவங்களா?"

"ஆமா. உங்களுக்கு எப்படி..."

"உங்க மருமகளுக்கு குரோஷாவே தெரியாதும்மா. மதியம் சாப்பாட்டு நேரத்துல இங்க ஓடி வந்து கத்துக்கிட்டுப் போறா. 'விரலுக்குப் பயிற்சி குடுக்கலைன்னா அப்படியே விறைச்சுடும்னு டாக்டர் சொல்றாரு. ரப்பர் பந்தைக் குடுத்தா அத்தை தூக்கிக் கடாசுறாங்க. அச்சகத்துல ப்ரூஃப் பார்த்தவங்க, தப்புன்னு சொன்னா மட்டும் விடவே மாட்டாங்க. கை சரியாகிற வரைக்கும் நான் தப்பு சொல்லிட்டே இருக்கணும். எந்த இடத்துல சொன்னா நம்புவாங்க?'ன்னு கேட்டா."

மாமியார் தன் வலது கையைப் பார்த்தார். சற்றுமுன் கைப்பையின் ஜிப்பை அந்தக் கைதான் திறந்தது. ஒரு மாசம் முன்னால் அதற்கு ஆள் தேவைப்பட்டது.

கண் கலங்கிவிட்டது. பெற்ற மகனுக்குக்கூடத் தோன்றாதது இவளுக்குத் தோன்றியிருக்கிறதே என்று நெஞ்சு நிறைந்தது.

"கொஞ்ச நேரம் இங்க உட்கார்ந்துட்டுப் போகட்டுமா?" என்று கேட்டு, பையிலிருந்து ஊசியை எடுத்தார்.

மாலையில் மருமகள் வந்ததும் வராததுமாகக் கையை நீட்டினாள்.

"குடுங்க அத்தை, பார்க்கலாம்."

திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எண்ணினாள். நெற்றியைச் சுருக்கி மறுபடி எண்ணினாள்.

"அத்தை, கடைசி வரிசையில நிஜமாவே ஒரு கண்ணி குறையுது."

"அப்படியா? பிரிச்சுடறேம்மா."

தினமும் தனக்காகப் பொய் சொல்கிறவள் இன்று ஒரு நாளாவது உண்மையைச் சொல்லட்டுமே என்று, கடையில் உட்கார்ந்து அவர் வேண்டுமென்றே விட்டுவிட்டு வந்த கண்ணி அது.