புகார் நோட்டு

"இவ்வளவு பெரிய மீசையை வெச்சுக்கிட்டு இத்தனூண்டு ஊசிக்கு நடுங்குறீங்களே சார்!"

பல் டாக்டரின் நாற்காலியில் சாய்ந்திருந்த கிரேன்காரருக்குச் சுருக்கென்றது. சொன்னவள் நர்ஸ்.

இருபது மாடி உயரத்தில் உட்கார்ந்து இரும்புக் கம்பிகளைத் தூக்கி வைக்கிற மனிதர் அவர். கடைவாய்ப் பல் சொத்தையாகி, வேர் வரைக்கும் போய், நாலு நாளாகத் தூக்கமில்லை. கன்னம் பன் மாதிரி உப்பியிருந்தது.

"பல்லைப் பிடுங்காம வேலைக்கு வராதே. மேல உனக்குத் தலை சுத்தினா, கீழ நிக்கிற நாங்க என்ன ஆகறது?" என்று மேஸ்திரி திருப்பி அனுப்பிவிட்டார்.

நியாயம்தான். ஆனால் ஏற்கெனவே இரண்டு முறை இதே நாற்காலி வரைக்கும் வந்து, ஊசியைப் பார்த்ததும் ஓட்டமெடுத்த புண்ணியவான் அவர்.

"போன தடவை குடையைக்கூட விட்டுட்டு ஓடினீங்களே. பத்திரமா வெச்சிருக்கேன்," என்றாள் நர்ஸ்.

"ஏம்மா, வலியோட வந்தவங்ககிட்ட இப்படித்தான் பேசுவியா?"

"என் பொண்ணு ஒண்ணாங்கிளாஸ் சார். ஆடுற பல்லை அவளே பிடுங்கிக் கையில குடுத்தா!"

கிரேன்காரருக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னார். ஈறில் எதையோ தடவினார், ஏதோ செய்தார். இவர் நர்ஸையே முறைத்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் கையை எடுத்ததும் வெடித்தார். "உன் மேல புகார் எழுதணும். நோட்டு இருக்கா?"

"இருக்கே! பேனா பிடிக்கவாவது தைரியம் இருக்கா சார்?"

டாக்டர் அவளை ஒரு வார்த்தைகூடக் கண்டிக்கவில்லை. நோட்டை எடுத்து நீட்டினார். கிரேன்காரர் உதட்டைக் கடித்துக்கொண்டு எழுதினார். உதடு மரத்துக் கிடந்ததுகூட அந்தக் கோபத்தில் அவருக்கு உறைக்கவில்லை. முழுசாக ஒரு பக்கம் எழுதித் தள்ளினார்.

"எழுதியாச்சா? ஆ காட்டுங்க," என்றார் டாக்டர்.

"எழுத்துப் பிழை நிறைய இருக்கு சார்," என்றாள் நர்ஸ், எட்டிப் பார்த்து.

திறந்த வாயோடு எப்படித் திட்டுவது? கண்ணாலேயே அவளை எரித்தார். அதற்குள் தட்டில் 'டங்'கென்று ஏதோ விழுந்தது.

"முடிஞ்சுது. பஞ்சை நல்லாக் கடிச்சுக்குங்க."

"ஊசி?" என்றார் பஞ்சுக்கு நடுவே.

"நீங்க நர்ஸை முறைச்சுக்கிட்டு இருந்தப்பவே போட்டாச்சு," என்றார் டாக்டர்.

"கோபம் வந்தா பயம் தெரியாது சார். அதான் அப்படிப் பேசினேன். மனசுல வெச்சுக்காதீங்க," என்றாள் நர்ஸ். குரலே மாறியிருந்தது.

கிரேன்காரர் நோட்டின் பழைய பக்கங்களைப் புரட்டினார். எல்லாமே இவள் மேல் புகார். 'வாய்த்துடுக்கு', 'திமிர் பிடித்தவள்', 'வேலையை விட்டு நீக்க வேண்டும்'. ஒவ்வொன்றுக்கும் கீழே, எழுதியவரின் அதே கையெழுத்தில், 'மன்னிச்சுடும்மா. ரொம்ப நன்றி.'

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. தம் புகாருக்குக் கீழே தாமும் எழுதினார். அது போதாது என்று தோன்றியது. தினம் தினம் திட்டு வாங்கி அடுத்தவர் வலியைத் தீர்க்கிறாளே மகராசி, இவளுக்கு என்ன செய்து நன்றி சொல்வது?

குடையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். வாசலில் ஒரு அம்மாள் கன்னத்தைப் பிடித்தபடி, ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக நின்றிருந்தாள். முகம் வெளிறிப் போயிருந்தது.

"இன்னொரு நாள் வரேன்," என்று தனக்குத் தானே முனகிக்கொண்டு திரும்பினாள்.

கிரேன்காரர் குடையைக் குறுக்கே நீட்டினார். பஞ்சைக் கடித்தபடியே குரலை உயர்த்தினார்.

"அதானே பார்த்தேன்! பல்லு பிடுங்கறதெல்லாம் உன்னால ஆகற காரியமா? வீட்டுக்கு ஓடும்மா!"

"யாரைப் பார்த்து என்ன பேசறீங்க?" அந்த அம்மாள் விறுவிறுவென்று உள்ளே போனாள். "முதல்ல ஒரு புகார் நோட்டைக் குடுங்க!"