தோற்கத் தெரிந்தவர்

முத்துமாலை எறிந்த தட்டு மாமரக் கிளைக்கு அடியில் வளைந்து போய், இரும்புக் கூடையின் சங்கிலிகளில் மோதி உள்ளே விழுந்தது.

சங்கிலி குலுங்கிய சத்தத்தோடு ஆட்டம் முடிந்தது. கால்வாய்க் கரையில் நின்ற கூட்டம் கைதட்டியது.

டிஸ்க் கோல்ஃப் என்றால் என்னவென்று வந்தவர்களில் பாதிப் பேருக்கு இன்னும் தெரியாது. தோப்புக்குள் அங்கங்கே நட்டிருக்கும் கூடைகளில், குறைந்த எறிகளில் தட்டைப் போடுகிறவன் ஜெயித்தவன். அவ்வளவுதான் விஷயம். ஆனால் இந்தக் கோப்பையை வாங்குகிறவனுக்குக் கல்லூரியில் பயிற்சியாளர் வேலை என்று பேச்சு அடிபட்டதால், அம்பாசமுத்திரத்திலிருந்துகூட ஆட்கள் வந்திருந்தார்கள்.

தோற்றவர் செல்வமணி. முத்துமாலையின் அக்கா தேன்மொழியைக் கட்டியவர்.

அவர் முகம் சுளிக்கவில்லை. வலது கையை நீட்டிக்கொண்டு, சிரித்தபடி வந்தார். தோற்கும்போதெல்லாம் அப்படித்தான் வருவார். அவர்கள் ஆடும் விளையாட்டு மன்றத்தில் புதிதாகச் சேருகிறவர்களிடம் செயலாளர் பாக்கியசீலன், எறியப் பழகுவதற்கு முன்னால் செல்வமணியைப் போலத் தோற்கப் பழகுங்கள் என்று சொல்வதுண்டு.

“பிரமாதம் மாப்ளே! ஒன் கைக்குத் தங்கக் காப்புல்லா போடணும்!”

முத்துமாலை அந்தக் கையைப் பற்றினான். பற்றியபடியே, அக்கா எங்கே என்று சந்தோஷத்தோடு கூட்டத்தில் தேடினான்.

கடைசி மாமரத்தடியில் அவள் தனியாக நின்றிருந்தாள்.

பார்த்தான்.

பிடித்த கையை அவன் விடவில்லை. மணிக்கட்டோடு சேர்த்து இழுத்து, கூடையின் இரும்பு விளிம்பில் குறுக்கே வைத்து, தன் உடம்பின் மொத்த பாரத்தையும் அதன் மேல் இறக்கினான்.

முருங்கைக் கிளை ஒடிவது போல எலும்பு முறிந்தது. சங்கிலி இன்னொரு தடவை குலுங்கியது.

செல்வமணி அலறினார். அந்தச் சிரிப்பில் பாதி அப்போதும் அவர் முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் முத்துமாலைக்கு வெறி தலைக்கேறியது. அந்த வாயிலேயே ஓங்கிக் குத்தினான். உதடு கிழிந்து, சட்டையெல்லாம் ரத்தம் வழிந்தது.

அதற்குள் கூட்டம் பாய்ந்துவிட்டது. கூட ஆடும் இசக்கிதுரை பிடரியில் அடித்து அவனைக் கீழே தள்ளினான். யார் யாரோ விலாவில் மிதித்தார்கள். சற்று முன்பு அவனுக்காகத் தொண்டை கிழியக் கத்தியவர்கள்தான். பல் ஒன்று ஆடி, வாய் உப்புக் கரித்தது. தடுக்கக்கூட அவன் கையைத் தூக்கவில்லை.

பாக்கியசீலன் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கி, கன்னத்தில் அறைந்து, திரும்ப மண்ணில் தள்ளினார்.

“தோத்தவன் அடிச்சாக்கூட ஒரு அர்த்தம் இருக்கு. ஜெயிச்சவனுக்கு என்னலே கொழுப்பு?”

முத்துமாலை வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அக்காவின் வாழ்க்கை சந்தி சிரித்துவிடும்.

தீர்ப்பு அங்கேயே ஆனது. கோப்பை செல்வமணிக்கு. முத்துமாலை இனி எந்தக் களத்திலும் தட்டைத் தொடக்கூடாது. வேலையைப் பற்றி யாரும் தனியாகச் சொல்லத் தேவைப்படவில்லை. செல்வமணியைத் தாங்கிப் பிடித்துக் காருக்குக் கொண்டுபோனார்கள். இனி ரொம்ப நாளைக்கு அந்தக் கையால் சோறுகூட அள்ள முடியாது என்று, தொட்டுப் பார்த்த ஒருவர் உச்சுக்கொட்டினார்.

முத்துமாலைக்கு அது மட்டும் நன்றாகக் காதில் விழுந்தது.

இதற்கு முன்பும் எத்தனையோ தடவை அத்தானை அவன் ஜெயித்திருக்கிறான். ஒவ்வொரு தடவையும் மறுநாள் அக்காவின் கன்னமோ கழுத்தோ கன்றிப்போயிருக்கும். கேட்டால், “ஒங்க அத்தான் எறிஞ்சு பழகுதாங்கல்லா, நான் குறுக்க போயிட்டேன். தட்டு பட்டுட்டுலே” என்பாள்.

பராக்குப் பார்க்காதே என்று இவனும் சிரித்துக்கொண்டே திட்டிவிட்டு வருவான்.

தட்டு பட்டால் ஒரே கோடாகக் கன்றும். விரல் விரலாகக் கன்றாது. நாள் முழுக்கத் தட்டோடு கிடக்கிறவனுக்கு அது தெரியாதா? தெரியும். ஜெயித்த மிதப்பு அவன் கண்ணை மறைத்திருந்தது. வீட்டில் அவன் அடுக்கி வைத்திருக்கும் ஒவ்வொரு கோப்பைக்கும் அக்கா அடி வாங்கியிருக்கிறாள்.

இன்று பார்த்துவிட்டான்.

சங்கிலி குலுங்கி, ஊரே கைதட்டிக்கொண்டிருந்த நேரத்தில், அக்கா மட்டும் தன் கண்ணாடி வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். வீட்டில் அடி விழும்போது அவை உடைந்து கையைக் கிழிக்காமல் இருக்க.

மண்ணில் கிடந்தபடியே முத்துமாலை மாமரத்தடியைத் திரும்பிப் பார்த்தான்.

புருஷனோடு ஆஸ்பத்திரிக்குப் போக, தேன்மொழியைக் காரிலிருந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் அழவில்லை. கைப்பையைத் திறந்து வளையல்களை வெளியே எடுத்தாள்.

அவசரப்படாமல், ஒவ்வொன்றாக, திரும்ப மாட்டிக்கொண்டாள்.