டவுட்டுக்கு ஒரு வாக்கியம்

ஐப்பசித் துலா மழை விட்டு, ஓட்டு விளிம்பிலிருந்து முற்றத்தில் நீர் சொட்டுகிறது. சர்க்கார் ஹஜூர் கச்சேரியில் வேலை முடிந்து வந்த சாம்பசிவன் தலைப்பாகையைக்கூடக் கழற்றாமல், மனைவியின் நோட்டைச் சாய்ந்த வெயிலில் பிடித்துப் படிக்கிறான். கோட்டைக்குள் வீடுவீடாக வந்து பெண்களுக்கு இங்கிலீஷ் சொல்லித்தரும் மிஸ்ஸியம்மா இந்த வாரம் கொடுத்தவை எல்லாம் சந்தேக வார்த்தைகள். டவுட் என்றால் ஐயம். சஸ்பிஷன் என்றால் தப்பு நடந்திருக்குமோ என்ற நினைப்பு. மிஸ்கிவிங் என்றால் மனசுக்குள் ஒரு உறுத்தல். ஒவ்வொன்றின் கீழும் சூடாமணி தானே எழுதிய இங்கிலீஷ் வாக்கியம். மழையில் சேஷாத்ரி வருவாரோ என்று டவுட். சேஷாத்ரிக்கு என் காபி பிடித்ததோ என்று மிஸ்கிவிங். சேஷாத்ரி பொய் சொல்வாரென்று எனக்குச் சஸ்பிஷனே இல்லை. எதிர்வீட்டுக்காரன் பெயர் சேஷாத்ரி.

"யாருடி இது, பக்கத்துக்குப் பக்கம் சேஷாத்ரி?"

கூர்க்கங்கிழங்கைத் தோல் போகச் சாக்குக்குள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கும் சூடாமணியின் கை நிற்கவில்லை. "ஆத்துக்காரரைப் பத்தி எழுதச் சொன்னா மிஸ்ஸியம்மா. உங்க பேரை நான் எழுதப்படாதோன்னோ. பின்னே என்ன செய்யறது? வாயில வந்த பேரை எழுதினேன்."

சாம்பசிவனுக்குச் சிரிப்பு வருகிறது. தலைப்பாகையைக் கழற்றி ஆணியில் மாட்டுகிறான். காபியை ஆற்றி ஒரு வாய் குடிக்கிறான். ஜன்னலுக்கு வெளியே, எதிர்வாசலில் யாரோ குடையை உதறும் சத்தம் கேட்கிறது. உலகத்தில் எத்தனையோ பேர் இருக்க, அவள் வாயில் வந்தது அந்தப் பேர். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நோட்டைத் திரும்ப எடுத்து, டவுட்டிலிருந்து மறுபடி படிக்கத் தொடங்குகிறான்.