ஐந்தருவி சிவந்த நாள்

"டப்பாவ அமுக்கி ஒரே ஒரு பீச்சுதாம்லே! ஐந்தருவி அஞ்சும் மூணு நாளு செக்கச்செவேல்னு விழுந்துச்சு. தென்காசியில குழாயத் திறந்தா ரோஸ்மில்க் மாதிரி தண்ணி வந்துச்சுன்னா பாத்துக்கோங்க!"

வல்லிநாயகம் சொன்னதைக் கேட்டு, புதுச் செக்யூரிட்டி சீருடையில் வரிசையாக நின்ற ஆறு பேரும் வாயை மூட மறந்தார்கள்.

ஐந்தருவி சாலையில் ஒரு விடுதியின் கார் நிறுத்துமிடத்தில் அவர்களுக்குப் பயிற்சி. ஆளுக்கொரு ஸ்ப்ரே டப்பா. இன்றைக்கு உள்ளே வெறும் தண்ணீர். நாளைக்குச் சீசன் தொடங்குகிறது; நாளை முதல் அசல் சிவப்புச் சாயம். திருடன் முகத்தில் பட்டால் ஒரு வாரமாவது அழியாது. போலீஸ் சாவகாசமாக டீ குடித்துவிட்டு வந்து பிடித்துக்கொள்ளலாம்.

"அண்ணாச்சி, மூணு வருஷமா இதே கதையத்தான் சொல்லுதிய," என்றாள் ராபியா, செக்யூரிட்டி கம்பெனி மேனேஜர். "பிடிபட்ட திருடனும் இல்ல, பாத்த சாட்சியும் இல்ல. ட்ரெய்னிங்ல கதை விடுதாருன்னு ஆபீசுக்குப் புகார் போயிருக்கு. இன்னைக்கு ஒரு சாட்சியாவது காட்டுங்க. இல்லன்னா நாளையில இருந்து நீங்க கேட்டுல நின்னாப் போதும். ட்ரெய்னிங்குக்கு வேற ஆளப் போட்டுருவேன்."

வல்லிநாயகத்தின் மீசை, ஒரு முனை செங்கோட்டையையும் மறு முனை கடையநல்லூரையும் எட்டும் என்று பேர் பெற்ற மீசை, ஒரு கணம் தொங்கிப்போனது.

"சாட்சிக்கு எங்க மேடம் போவேன்? பாத்ததெல்லாம் வெளியூர்க்காரங்க. அன்னைக்கே வேன் ஏறிட்டாங்க."

"அண்ணாச்சி டப்பாவுல இருந்தது சாயம் இல்ல மேடம், சரடு!" என்றது எதிர்ப்பக்கத்துக் குரல்.

இசக்கிதுரை. சாலையோரம் பலகை போட்டு எண்ணெய் தேய்த்துவிடுகிறவன். பர்ஸ், செயின், கைப்பை எல்லாவற்றையும் அவனிடம் கொடுத்துவிட்டுத்தான் ஆட்கள் பலகையில் உட்காருவார்கள். தேய்த்து முடித்ததும் அந்த எண்ணெயோடு அருவிக்கு ஓடிவிடுவார்கள். சீசனில் பாதித் தமிழ்நாட்டின் தங்கம் இவன் மடியில்தான் கிடக்கும் என்பது வல்லிநாயகத்தின் மதிப்பீடு.

ஊரே அந்தக் கதைக்குச் சிரித்துத் தலையாட்டும். இவன் ஒருவன் மட்டும் மூன்று வருஷமாகப் பொய், பொய் என்பான்.

"வந்துட்டான் பாருங்க! சாட்சியா இருந்திருக்க வேண்டியவனே இந்தப் பயதான் மேடம். அந்த வாரம் பாத்து மக நிச்சயதார்த்தம்னு சிவகிரிக்குப் போயிட்டான். திரும்பி வந்து ஒரு லட்டக் கூடக் கண்ணுல காட்டாத கஞ்சன்!"

ஆறு பேரும் சிரித்தார்கள். இசக்கிதுரையும் சிரித்துக்கொண்டே, கையைத் துண்டில் துடைத்தபடி சாலையைக் கடந்து வந்தான்.

வல்லிநாயகத்துக்கு மீசை மறுபடி ஏறிவிட்டது.

"கேளுங்கலே. நல்ல சாரல். ஒருத்தன் தலையில துண்டப் போட்டுக்கிட்டு, அக்குள்ல பொம்பளப் பையோட ஓடுதான். அங்கன வேன் பக்கத்துல நின்னு ஒரு அம்மா 'என் பை, என் பை'ன்னு கத்துதா. மாதிரிக்குன்னு கம்பெனி குடுத்த ஒத்த டப்பா எங்கிட்ட. குறுக்க பாஞ்சேன். மூஞ்சியப் பாக்கதுக்கு முந்தியே அடிச்சேன்! பையப் போட்டுட்டு அருவிக் கூட்டத்துக்குள்ள பாஞ்சுட்டான்."

"அப்புறம்?" என்றான் ஒருவன்.

"அப்புறம் என்ன அப்புறம்? இதான் பாடம். ஓடுதவன் கையில பொம்பளப் பை இருந்தா அவன் திருடன். யாரு எவருன்னு பாத்துக்கிட்டு நிக்காதிய. யோசிச்சா கை நடுங்கும். அடிச்சிரணும். எங்க, அடிங்க!"

ஆறு டப்பாவும் ஒன்றாகச் சீறின. மலைக்காற்று அத்தனை தண்ணீரையும் அள்ளிக்கொண்டுபோய் இசக்கிதுரையின் முகத்தில் கொட்டியது.

எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. இரண்டு கையாலும் முகத்தை அழுந்தத் துடைத்தான். உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு அந்த ஆறு பேரின் கையிலிருந்த டப்பாக்களைப் பார்த்தான்.

"மேடம், அண்ணாச்சி சொல்லுதது நெசம். நடந்துச்சு."

வல்லிநாயகத்துக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மூன்று வருஷமாகக் காத்திருந்த சொல்!

"கேட்டியளா மேடம்! ஏலே, இத முன்னமே சொல்லுததுக்கு என்ன?" என்றவர், சட்டென்று நின்றார். "ஆமா, நீதான் சிவகிரிக்குப் போயிட்டியே. நீ எங்க பாத்த?"

இசக்கிதுரை அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"இந்தப் பயலுவ கையில நாளைக்கு நெசச் சாயத்தக் குடுக்கப் போறிய. அதான் சொல்லுதேன் அண்ணாச்சி. அந்தப் பை, அந்தம்மா வீட்டுக்காரரு எண்ணெய் தேய்க்கையில எங்கிட்டக் குடுத்து மறந்துட்டுப் போனது. வேன் கிளம்புததுக்குள்ள குடுத்துரணும்னுதான் ஓடுனேன். ஒம்பது நாளு, யாரு கண்ணுலயும் படாம ராத்திரியில எண்ணெயத் தேச்சு அருவியில நின்னும் போகல... செவப்பு மூஞ்சியோட மக நிச்சயதார்த்தத்துல போயி எப்படி நிக்க?"