கண்ணாடியில் நின்ற குண்டூசி

தையற்கடை அக்கா குண்டூசியை இடது உதட்டோரம் கவ்விக்கொண்டுதான் வேலை பார்ப்பாள். ஒருநாள் அது குத்தி ரத்தம் வழிந்தும் அவளுக்கு உறைக்கவில்லை. தங்கைதான் துடைத்துவிட்டாள். மரத்துப்போன இடத்தில் சதையெடுத்துச் சோதித்த டாக்டர், உமிழ்நீர்ச் சுரப்பியில் அபூர்வமான புற்றுநோய் என்றார். நரம்போடு மெல்ல ஊருமாம். வெட்டியெடுத்தாலும் வருஷங்கள் கழித்துத் திரும்புமாம்.

அறுவைக்குப் பிறகு இடப்பக்க முகம் அசையவில்லை. தங்கை கடைக் கண்ணாடியை மூடப்போனாள்.

“விடுடி! பாதி சிரிச்சாலும் என் மூஞ்சிதானே? வர்றது வரட்டும், சாமி இருக்கு. தைக்க வேலை கிடக்கு.”

அக்கா பழைய இடத்திலேயே குண்டூசியை வைத்தாள். நழுவி விழுந்தது.

“பிடிவாதம் மட்டும் குறையலை,” என்று தங்கை குனிந்து அதைப் பொறுக்கினாள். அந்தக் குண்டூசியைக் கையில் பிடித்தபடி நிமிர்ந்தாள்.

கண்ணாடியில் அக்காவுக்கு முகம் முழுக்கச் சிரிப்பு. இடது உதட்டோரம் குண்டூசி ஆடாமல் நின்றது.