பதினோராண்டு வெளிச்சம்

மகள் உயிரோடிருந்த காலத்து வெளிச்சத்தின் விலை, பார்வை ஒன்றுக்கு எண்ணூறு ரூபாய். விருதுநகர் மிளகாய் வத்தல் வியாபாரி தங்கமாரியப்பனும் மனைவி கனியம்மாளும் மாதம் தவறாமல் வானியல் கூட்டத்துக்கு வருவார்கள். பேச்சு முடிந்ததும் பெரிய தொலைநோக்கியில் ஒரே நட்சத்திரத்தை மாறி மாறிப் பார்ப்பார்கள். அதன் வெளிச்சம் பூமிக்கு வந்துசேரப் பதினோரு வருடம் ஆகும். மகள் செல்வமலர் ஒன்பது வயதில் இறந்து நாளையோடு பதினோரு வருடம்.

"இன்னையோட இது முடியுது, அண்ணாச்சி" என்றார் கூட்டம் நடத்தும் பேராசிரியை மாலதி. "இருபது வருஷத் தூரத்துல ஒண்ணு இருக்கு. பாப்பா பிறந்தப்போ கிளம்பின வெளிச்சம் இப்பதான் வருது. ஒன்பது வருஷம் பார்க்கலாம். விலைதான் ரெண்டு மடங்கு."

"மொத்தமாக் கட்டினா என்ன குறைப்பீங்க?"

கனியம்மாள் கணவரின் கையைப் பிடித்தாள். "வேண்டாங்க. ஒன்பது வருஷம் கழிச்சு இதே மாதிரி இன்னொரு நாள் வரும். அவளை மறுபடி அனுப்பி வைக்க எனக்குத் தெம்பில்ல."

பேரத்தைப் பாதியில் விட்டு அவருக்குப் பழக்கமில்லை. அன்று விட்டார்.

கனியம்மாள் போய் வெகுநேரம் பார்த்துவிட்டு வந்தாள். அண்ணாச்சி நாற்காலியிலிருந்து எழவில்லை.

"உங்க முறை, அண்ணாச்சி. பார்க்கலேன்னா பணத்தைத் திருப்பித் தந்துடுறேன்."

"வச்சுக்கிடுங்கம்மா. கணக்கை முழுசா நேர் பண்ணிட்டா போக்குவரத்தே அத்துப் போகும். தங்கமாரியப்பன் பேர்ல ஒரு பார்வை பாக்கின்னு எழுதிக்கிடுங்க."