முதலில் உனக்குத்தான்

"பஸ் விபத்தில் ஒருவர் இறந்துவிட்டார். குடும்பத்துக்குத் தெரிவித்த பிறகே பெயரை வெளியிடுவோம்."

ஆஸ்பத்திரியின் செய்தித் தொடர்பாளர் இதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் வாசித்துவிட்டு எழுந்தார். இரு மொழிப் பத்திரிகைகளிலும் நிருபராக இருந்து, பிறகு அதையே கல்லூரியில் பாடமாக நடத்திவிட்டு இந்த வேலைக்கு வந்தவர்.

நிருபர்களில் ஒருவன் பின்னாலேயே ஓடிவந்தான். அவருடைய பழைய மாணவன்.

"மேடம், குடும்பத்துக்குச் சொல்லாம ஊருக்குச் சொல்லக்கூடாதுன்னு நீங்கதான் சொல்லிக்கொடுத்தீங்க. மறக்கல. ஆனா எடிட்டர் என் உயிரை வாங்குறார். பேரை மட்டும் சொல்லுங்களேன்."

அவர் அவனையே பார்த்தார்.

"இங்க வேணாம். உள்ள வா. முதல்ல உனக்குத்தான் சொல்லணும்."

அவன் முகம் மலர்ந்தது. மற்ற நிருபர்களை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டான். அறைக்குள் போனதும் அவர் கதவைச் சாத்தி, நாற்காலியை அவன் பக்கம் நகர்த்தினார்.

அவன் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்துவிட்டு அணைத்தான்.

"ஏதோ தெரியாத நம்பர் மேடம். வேலை நேரத்துல விடாம அடிக்கிறாங்க."

அவன் உட்கார்ந்து, பேனா மூடியைக் கழற்றினான்.

"சொல்லுங்க மேடம். குடும்பத்துக்குச் சொல்லியாச்சுல்ல?"

அவர் அவன் கையிலிருந்த பேனாவை மெல்ல வாங்கி மேசையில் வைத்தார்.

"உங்கப்பா போன்ல முதல் நம்பரே உன்னோடதுதான். காலையிலேர்ந்து எங்க ஆஸ்பத்திரியிலேர்ந்து கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்கப்பா. நீதான் எடுக்கல."